அசையாத பெட்டியின் வரலாறு

இயற்பியல் தேர்வுகளில் தலைமுறை தலைமுறையாக இடம்பெற்று வரும் பெட்டி ஒன்றுண்டு. நிறை 10 கிலோகிராம். தரைக்கும் அதற்கும் இடையிலான நிலை உராய்வுக் குணகம் 0.5, இயக்க உராய்வுக் குணகம் 0.4. கிடையாக 30 நியூட்டன் விசையால் தள்ளினால் உராய்வு விசை எவ்வளவு? புவியீர்ப்பு முடுக்கத்தை 10 எனக் கொண்டு, எடையை 0.5-ஆல் பெருக்கி, 50 நியூட்டன் என்று எழுதிவிடுவோர் பலர். அது உண்மையாக இருந்தால், தள்ளுகிறவரை நோக்கிப் பெட்டியே நகர்ந்து வரவேண்டும்! விடை 30 நியூட்டன்தான். 50 என்பது நிலை உராய்வு எட்டக்கூடிய உச்ச எல்லை. அதற்குள் உராய்வு, தள்ளும் விசைக்கு ஈடாகத் தன்னைக் கூட்டியும் குறைத்தும் கொள்கிறது.

ஓய்வில் ஒருவிதமாகவும் ஓட்டத்தில் இன்னொருவிதமாகவும் உராய்வு நடந்துகொள்வதை மனிதர்கள் பழங்காலத்திலேயே கண்டிருக்கின்றனர். ஓடுகின்ற பொருளை மேலும் ஓட்டுவது, நின்றதைக் கிளப்புவதைவிட எளிது என்று நான்காம் நூற்றாண்டிலேயே தெமிஸ்தியஸ் என்ற கிரேக்கத் தத்துவ அறிஞர் எழுதியிருக்கிறார். கண்டது கணிதமாவதற்குத்தான் காலம் பிடித்தது.

லியோனார்டோ டா வின்சியின் குறிப்பேடு ஒன்று லண்டன் விக்டோரியா-ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது. உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. அதில் 1493-ஐச் சேர்ந்த ஒரு பக்கத்தில், கப்பியில் தொங்கும் எடையால் இழுக்கப்படும் கட்டைகள் சிவப்புச் சுண்ணத்தால் வரையப்பட்டுள்ளன. 1920-களில் அவற்றைப் பொருட்படுத்தத் தகாத கிறுக்கல்களாகக் கருதியவர்கள் உண்டு. உராய்வு விதிகளின் முதல் பதிவு அந்தப் பக்கம்தான் என்று 2016-இல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் இயன் ஹட்சிங்ஸ் எடுத்துக்காட்டினார். ஆனால் லியோனார்டோ எதையும் அச்சிடவில்லை. எனவே உராய்வின் வரலாறு அவரைக் கடந்து, அவரை அறியாமலே, மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

தொடங்கியவர் கியோம் அமோன்தோன், செவிப்புலன் இழந்த பிரெஞ்சுக்காரர். உராய்வு அழுத்தும் விசைக்கு நேர்விகிதத்தில் உள்ளது, தொடுபரப்பின் அளவைச் சார்ந்ததன்று என்று 1699-இல் பாரிஸ் அறிவியல் கழகத்தின் முன் அவர் கூறினார். இரண்டாவது கூற்றை அவையோர் எளிதில் நம்பவில்லை. லா இர் என்ற மூத்த உறுப்பினர் தாமே சோதித்துப் பார்த்து உறுதி செய்தார். இருந்தும் அமோன்தோனின் கணக்கில் ஓய்வுக்கும் ஓட்டத்துக்கும் வேறுபாடு இல்லை. அழுத்தும் விசையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, அவ்வளவுதான்.

அந்த ஒற்றை எண்ணை இரண்டாகப் பிளந்தவர் ஆய்லர். 1750-இல் பெர்லின் கழக வெளியீட்டில் வந்த அவரது வாதம், என் பார்வையில், இந்த வரலாற்றிலேயே அழகான பகுதி. சாய்தளம் ஒன்றில் ஒரு பொருளை வைத்துச் சாய்வை மெல்ல மெல்ல உயர்த்துங்கள். ஏதோ ஒரு கோணத்தில் பொருள் வழுக்கத் தொடங்கும். அக்கோணத்தின் டேன்ஜென்ட் மதிப்பே உராய்வுக் குணகம். அந்த நொடியில் கீழிழுக்கும் விசை உராய்வை மயிரிழையளவே மிஞ்சியிருக்கிறது. நகர்ந்த பின்னும் உராய்வு மாறாதிருக்குமானால், பொருள் நத்தையைப்போல ஊர்ந்தல்லவா இறங்க வேண்டும்? ஆனால் நாம் காண்பது அதுவன்று. கிளம்பியதும் அது விரைந்து இறங்குகிறது. ஆகவே ஓட்டத்தின் உராய்வு ஓய்வின் உராய்வைவிடக் குறைவு. விலையுயர்ந்த கருவி ஏதுமின்றி, ஒரு பலகையும் கொஞ்சம் சிந்தனையும் கொண்டு அடைந்த முடிவு இது.

நம் பெட்டியிலும் இதே பாய்ச்சலைக் காணலாம். 51 நியூட்டன் கொடுத்தால் எல்லை ஒரே ஒரு நியூட்டன்தான் மீறப்படுகிறது. ஆனால் பெட்டி நகர்ந்ததும் உராய்வு 40-க்கு இறங்கிவிடுவதால், மிஞ்சும் விசை 11. முடுக்கம், வினாடிக்கு வினாடி 1.1 மீட்டர்.

அடுத்து வந்தவர் கூலும். மின்னூட்டங்களின் விதியால் அறியப்படும் அதே கூலும்தான். படைப் பொறியாளராக மார்ட்டினிக் தீவில் கோட்டை கட்டி, உடல்நலம் கெட்டுத் திரும்பியவர். ரோஷ்ஃபோர் கப்பல்தளத்தில் அவர் செய்த சோதனைகள் மேசைமேல் செய்தவை அல்ல. பெரும் எடைகளைக் கொண்டு செய்தவை. பாரிஸ் கழகம் கடற்படை இயந்திரங்களுக்குப் பயன்படும் ஆய்வையே கேட்டிருந்தது. 1781-இல் பரிசும் தந்தது.

பொருள் எவ்வளவு நேரம் ஓய்ந்திருந்தது என்பதையும் கூலும் அளந்தார். மரத்தின்மேல் மரம் கிடந்தால், கிளப்பத் தேவையான விசை சில நிமிடங்களில் உச்சத்தைத் தொட்டு நின்றுவிடுகிறது. மரமும் உலோகமும் சேர்ந்தால் அது நாட்கணக்கில் வளர்கிறது. உலோகத்தின்மேல் உலோகத்தில் இரு உராய்வுகளுக்கும் வேறுபாடு ஏறக்குறைய இல்லை. இரண்டு தூரிகைகளின் மயிர்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து சிக்கிக்கொள்வதைப்போல மர இழைகள் பின்னிக்கொள்கின்றன என்று அவர் விளக்கினார்.

அழகான உவமைதான், ஆனால் முழுமையான விளக்கம் அன்று. பௌடன், டேபர் இருவரும் 1950-இல் வெளியிட்ட நூல் வேறொரு சித்திரத்தைத் தந்தது. வழவழப்பாகத் தோன்றும் பரப்புகளும் நுண்ணிய முகடுகளின் உச்சிகளில் மட்டுமே தொட்டுக்கொள்கின்றன. உண்மையான தொடுபரப்பு கண்ணுக்குத் தெரியும் பரப்பில் மிகச் சிறு பகுதியே. அழுத்தும் விசை கூடக்கூட அது கூடுகிறது. லா இர் சோதித்துப் பார்க்க நேர்ந்த புதிருக்கு விடை இதில் இருந்தது. பொருள் ஓய்ந்து கிடக்கையில் அந்த முகடுகள் சுமையின் கீழ் மெல்ல நசுங்கித் தொடர்பை விரிக்கின்றன. அசையாமல் கிடக்கும் பெட்டிக்கு அடியிலும் இது நடந்துகொண்டேயிருக்கிறது.