நெஞ்சுக்குள் கசியும் பால்

புற்றுநோய்க் கட்டியை வெற்றிகரமாக அகற்றிவிட்டார்கள். நோயாளியும் தேறி வருகிறார். சில நாட்களில் உணவு கொடுக்கத் தொடங்கியதும், நெஞ்சில் வைத்த வடிகுழாயில் பால் போல வெள்ளையாக ஏதோ வருகிறது! உணவுக்குழாய், நுரையீரல் புற்றுநோய் அறுவைகளுக்குப் பின் எப்போதாவது நேரும் இந்தச் சிக்கலுக்குக் கைலோதொராக்ஸ் என்று பெயர்.

இந்தப் பால் எங்கிருந்து வருகிறது? விடை தேட 1622-ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும். இத்தாலியின் மிலான் நகரில் காஸ்பாரே அசெல்லி என்ற மருத்துவர், நன்றாகத் தின்றிருந்த ஒரு நாயின் வயிற்றைத் திறந்தார். குடலை ஒட்டி வெள்ளை இழைகள்! நரம்புகள் என்றுதான் முதலில் நினைத்தார். ஒன்றை வெட்டியதும் பால் போன்ற திரவம் பீறிட்டது. பட்டினி கிடந்த நாயில் அந்த இழைகள் தெரியவில்லை. உணவின் கொழுப்பைச் சுமக்கும் நிணநாளங்கள் அவை. ஆனால் அவை கல்லீரலுக்குப் போவதாக அவர் தவறாகக் கருதினார்.

அதைத் திருத்தியவர் ஒரு மருத்துவ மாணவர். பிரான்சைச் சேர்ந்த ழான் பெக்கே. முதுகெலும்பை ஒட்டி மேலேறி, கழுத்தடியில் இரத்தக்குழாயில் கலக்கும் மார்பு நிணநாளத்தை நாயில் கண்டு, 1651-ல் நூலாக வெளியிட்டார்.

இந்த நாளத்தில் ஒரு நாளைக்குச் சுமார் இரண்டு லிட்டர் திரவம் ஓடுகிறது. நாளமோ மெல்லியது, உணவுக்குழாய்க்கு மிக அருகில் இருப்பது. 1913-ல் நியூயார்க்கில் ஃபிரான்ஸ் டோரெக் மார்பிலுள்ள உணவுக்குழாய்ப் புற்றையும், 1933-ல் செயின்ட் லூயிசில் எவார்ட்ஸ் கிரஹாம் ஒரு முழு நுரையீரலையும் அகற்றி வெற்றி கண்டார்கள். நெஞ்சைத் திறக்கும் காலம் பிறந்தது. கூடவே இந்த ஆபத்தும் வளர்ந்தது.

நாளம் அறுபட்டால் கொழுப்பு, புரதம், நோயை எதிர்க்கும் வெள்ளணுக்கள் எல்லாம் வெளியேறிவிடும். ஊசியால் உறிஞ்சி எடுக்க எடுக்க நோயாளி மெலிந்துகொண்டே போவார். அக்காலத்தில் ஏறக்குறைய பாதிப்பேர் இறந்தார்கள்.

1948-ல் அமெரிக்க மருத்துவர் லாம்ப்சன், நெஞ்சைத் திறந்து அந்த நாளத்தையே கட்டிவிடும் முறையில் வெற்றி கண்டதை வெளியிட்டார். முக்கிய நாளத்தை அடைத்தால் ஆபத்தில்லையா? இல்லை! நிணநீர் சிறு கிளைகள் வழியே வேறு பாதை தேடிக்கொள்கிறது. இறப்பு விகிதம் சுமார் 15 சதவீதமாகக் குறைந்தது. 1990-களில் கான்ஸ்டன்டின் கோப், நெஞ்சைத் திறக்காமலே வயிற்றின் வழியே மெல்லிய குழாய் செலுத்தி நாளத்தை அடைக்கும் வழியை உருவாக்கினார்.

இன்றும் முதல் மருந்து கொழுப்பில்லாத உணவுதான். பட்டினி கிடந்த நாய் அசெல்லிக்குக் காட்டிய பாடமும் அதுதானே!