சுரங்கநகரின் ஆடுகளம்: லான்ஸ் விளையாட்டரங்கு பற்றிய ஒரு குறிப்பு

வட பிரான்சின் லான்ஸ் நகரில் ஏறக்குறைய 32,000 பேர் வாழ்கின்றனர். அதன் விளையாட்டரங்கோ 38,000 பேருக்கு இடமளிப்பது. இம்முரணுக்கான விளக்கத்தை நிலக்கரியின் வரலாற்றிலேயே தேடுதல் வேண்டும்.

1906இல் அயலிலுள்ள கூரியேர் சுரங்கத்தில் நிகழ்ந்த வெடிப்பில் 1,099 பேர் மாண்டனர். அதனைத் தொடர்ந்த வேலைநிறுத்தத்தை எதிர்கொள்ள அரசு படைகளை அனுப்பியது. நகரின் உதைபந்தாட்டக் கழகம் தோன்றியதும் அவ்வாண்டிலேயாகும். உலகப் பொருளாதார நெருக்கடியின்போது, வேலையிழந்த சுரங்கத் தொழிலாளரைக் கொண்டே சுரங்கக் கம்பனி இவ்வரங்கை எழுப்பியது. 1933இல் திறக்கப்பட்ட அரங்கு, கம்பனியின் வர்த்தகப் பணிப்பாளரான பெலிக்ஸ் பொலாரின் பெயரைப் பெற்றது. உழைப்பு நேரத்தை ஆண்ட மூலதனம் ஓய்வு நேரத்தையும் தன் மேற்பார்வையுட் கொணர முயன்றது எனலாம்.

எனினும், இதனை வெறும் மயக்கமருந்தெனக் கொள்வது இயங்கியல் நோக்காகாது. போலந்திலிருந்து குடியேறிய தொழிலாளரும் உள்ளூர்த் தொழிலாளரும் ஒரே வர்க்கமாகத் தம்மை இனங்கண்ட களங்களுள் இதுவும் ஒன்று. 1990இல் அப்பிரதேசத்தின் இறுதிச் சுரங்கமும் மூடப்பட்டது, அரங்கு நிலைத்தது. 1998இல் கழகம் பிரெஞ்சுச் சம்பியனாயிற்று. 1999, 2007ஆம் ஆண்டுகளில் உலகக்கிண்ண றக்பி ஆட்டங்களும் இங்கு நடைபெற்றன.

நீண்டகால மேயரும் சோசலிசவாதியுமான அந்திரே டெலெலிஸின் பெயர் 2012இல் அரங்கின் பெயரோடு இணைக்கப்பட்டது. கட்டியெழுப்பிய தொழிலாளருக்கு அப்பெயரில் இன்னும் இடமில்லை.