செங்கல்பட்டு சந்திப்பு தொடருந்து நிலையம்

செங்கல்பட்டு சந்திப்பு தொடருந்து நிலையம், தமிழ்நாட்டின் செங்கல்பட்டு மாவட்டத் தலைநகரில் கொளவாய் ஏரியை ஒட்டி அமைந்துள்ள ஒரு தொடருந்து நிலையம் ஆகும். தென்னக இரயில்வேயின் சென்னைக் கோட்டத்தைச் சேர்ந்த இந்நிலையத்தின் குறியீடு சி.ஜி.எல். ஆகும். சென்னை கடற்கரை நிலையத்திலிருந்து சுமார் 60 கி.மீ. தொலைவில் உள்ளது. கடற்கரை - தாம்பரம் புறநகர் மின்தொடர்வண்டிகளுள் ஒரு பகுதி இதுவரை நீட்டித்து இயக்கப்படுகின்றது.

வரலாறு

இங்கிருந்து காஞ்சிபுரம் வழியாக அரக்கோணம் செல்லும் கிளைப்பாதையின் வரலாறு சற்று விந்தையானது. அரக்கோணம் - காஞ்சிபுரம் பகுதியை 1865இல் இந்தியன் டிராம்வே கம்பெனி என்ற நிறுவனம் மூன்றரை அடி அகலத்தில் அமைத்தது. பெயரில் டிராம் இருந்தாலும் அது நகரத் தெருக்களில் ஓடிய டிராம் அன்று; செலவைக் குறைக்க அமைக்கப்பட்ட இலகு இரயில் பாதையே ஆகும். பின்னர் அது மீட்டர் பாதையாக மாற்றப்பட்டுச் செங்கல்பட்டுடன் இணைக்கப்பட்டது.

கடற்கரை - தாம்பரம் மீட்டர் பாதை 1931இல் 1,500 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் மின்மயமானபோது செங்கல்பட்டு அதில் சேரவில்லை. தாம்பரத்துக்குத் தெற்கே மின்கம்பி வந்தது 1960களில்தான். இம்முறை 25,000 வோல்ட் மாறுமின்னோட்டம் பயன்படுத்தப்பட்டது. சப்பானில் செய்யப்பட்ட ஒய்.ஏ.எம்.-1 வகை மின்பொறிகள் விழுப்புரம் வரை வண்டிகளை இழுத்தன. இன்று பாதை முழுவதும் அகலப்பாதை ஆகிவிட்டது.

சேவைகள்

காஞ்சிபுரம், திருமால்பூர் செல்லும் புறநகர் வண்டிகள் இங்கே முதன்மைப் பாதையிலிருந்து பிரிகின்றன. 2019 ஏப்ரலில் கடற்கரை - தாம்பரம் - செங்கல்பட்டு - அரக்கோணம் - கடற்கரை எனச் சுமார் 235 கி.மீ. சுற்றிவரும் வட்டவழிச் சேவை தொடங்கப்பட்டது. எனினும் செங்கல்பட்டு - அரக்கோணம் பகுதி ஒற்றைப் பாதை. எதிர்வண்டி கடக்கும்வரை ஒரு வண்டி இடைநிலையத்தில் நிற்க வேண்டியுள்ளதால், வண்டிகளின் எண்ணிக்கையை விருப்பம்போல் கூட்ட இயலாது. வாலாஜாபாத், காஞ்சிபுரம் பகுதிகளிலிருந்து நாள்தோறும் சென்னைக்கு வேலைக்குச் செல்வோரை இதுவே பெரிதும் பாதிக்கின்றது. தாம்பரம் பக்கத்தில் நிலைமை மேம்பட்டுள்ளது. சுமார் 30 கி.மீ. நீளமுள்ள மூன்றாவது பாதை 2022 மே 26 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

மாமல்லபுரம்

மாமல்லபுரத்தில் தொடருந்து நிலையம் இல்லை. கிழக்குக் கடற்கரையோரமாகச் சென்னையையும் புதுச்சேரியையும் இணைக்கும் பாதைத் திட்டம் நெடுங்காலமாகப் பேசப்பட்டும் வண்டி ஓடவில்லை. ஆகவே பல்லவர் சிற்பங்களைக் காண இரயிலில் வருவோர் செங்கல்பட்டில் இறங்கி, திருக்கழுக்குன்றம் வழியாகச் சுமார் 30 கி.மீ. பேருந்தில் செல்கின்றனர்.