வாவி என்னும் சொல்

இன்று நாம் எடுத்துக்கொள்ளும் சொல் இரண்டே எழுத்துக் கொண்டது: வாவி.

மட்டக்களப்பு வாவி என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுவது கடலோடு கலக்கும் உவர்நீர்ப் பரப்பு. நம் காப்பியப் புலவர் பாடிய வாவியோ தாமரை பூத்த நன்னீர்த் தடாகம். நன்னீருக்குரிய சொல் இங்கே உவர்நீருக்கும் ஆகிவிட்டது.

இச்சொல்லின் மூலம் வடமொழி 'வாபீ'. தூவுதல், விதைத்தல் எனப் பொருள்படும் 'வப்' என்ற அடியிற் பிறந்தது. மண்ணைக் கொட்டி அணைகட்டி நீரைத் தேக்குவதால் வந்த பெயர் என்பர் வடமொழி அகராதிகாரர். பிராகிருதத்தில் பகரம் வகரமாய் மெலிந்து 'வாவி' ஆயிற்று. அவ்வடிவமே தமிழுக்கும் வந்தது. குஜராத்தியில் 'வாவ்' என்றால் படிக்கிணறு. பாட்டன் நகரில் 11ஆம் நூற்றாண்டில் எழுந்த 'இராணியின் வாவ்' 2014இல் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. தெலுங்கிலும் கன்னடத்திலும் கிணற்றுக்குப் பெயர் 'பாவி'. நம் காதுக்கு அது வசையாக ஒலிக்கும்!

இனி நம் நாட்டுக்கு வருவோம். ஈழத்துப் பழைய பிராமிக் கல்வெட்டுகளில் 'வாபி ஹமிக' என்ற பட்டம் காணப்படுகிறது. குளத்துக்கு உடையவன் என்பது அதன் பொருள். அந்த 'வாபி'யே சிங்களத்தில் 'வெவ' எனத் திரிந்தது. ஆகவே சிங்களவரின் வெவவும் நமது வாவியும் உடன்பிறந்த சொற்கள்.

இன்னொரு புதுமையையும் கேளுங்கள். அநுராதபுரத்தில் பண்டுகாபயன் கட்டியதாக மகாவம்சம் கூறும் குளத்தின் பழம்பெயர் அபயவாபி. இன்று சிங்கள மக்கள் அதனை வழங்கும் பெயர் பசவக்குளம். அவர்கள் நாவில் நமது 'குளம்'. நம் நாவில் அவர்களது 'வெவ'யின் உடன்பிறப்பு!

போர் 2009இல் ஓய்ந்தது. ஊர்ப்பெயர்ப் பலகைகள் பற்றிய வழக்கு மட்டும் ஓய்ந்தபாடில்லை. ஒரு சொல்லைக் காட்டி நிலத்துக்கு உரிமை கோருவோர் இரு பக்கத்திலும் உளர். வாவி சொல்லும் சாட்சியமோ வேறு. குளங்களை நம்பி வாழ்ந்த மக்கள் நீரைத் தேக்கினார்கள். சொற்களுக்கு அணை கட்டவில்லை.

கதிரவெளிக்கு வடக்கே ஓடும் வெருகலாறு, மகாவலியின் ஒரு கிளை. மலைநாட்டில் ஊற்றெடுத்துச் சிங்கள ஊர்களின் வயல்களை நனைத்து வரும் நீரே இங்கு தமிழ் ஊர்களைத் தொட்டுக் கடலிற் கலக்கிறது. அந்த நீர் எந்த மொழிக்கு உரியதென்று எவரும் கேட்பதில்லை. சொல்லையும் அவ்வாறே ஏற்கப் பழகுவோமாக.