பிக்கப் வண்டிக்கு எந்தப் பக்கப்படி? பணம் கட்டும் முன் அளந்து பாருங்கள்

புக்கிட் ரோத்தான் வட்டாரத்தில் ஹைலக்ஸ், டிரைட்டன், டி-மேக்ஸ், ரேஞ்சர் போன்ற பிக்கப் வண்டிகளுக்கு இரண்டு வேலை. வார நாளில் உர மூட்டையும் புல்வெட்டும் இயந்திரமும் ஏற்றும் வண்டிதான் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தைக் கோயிலுக்கு அழைத்துச் செல்கிறது. தஞ்சோங் காராங் மருத்துவமனைக்குப் பாட்டியைக் கூட்டிப் போவதும் அதில்தான். வண்டியின் தளமோ உயரம். ஆகவே பக்கவாட்டில் ஒரு படி தேவைப்படுகிறது.

எங்கள் சித்தப்பா வண்டி வாங்கிய முதல் மாதமே பளபளப்பான உருண்டைக் குழாய்ப் படியைப் பொருத்தினார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒரு மழை நாளில் பாட்டி செருப்புக் காலை அதன்மேல் வைத்தார், வழுக்கிவிட்டது. முழங்காலில் சிராய்ப்போடு போயிற்று. ஆனால் அதற்குப் பிறகு அந்த வண்டியில் ஏற அவர் சம்மதிக்கவில்லை. கிளினிக் போகும் நாளில் பக்கத்து வீட்டு மைவியைக் கேட்டு நிற்க வேண்டியதாயிற்று.

கடைகளில் இதற்குப் பல பெயர்கள் உண்டு. தமிழில் பக்கப்படி என்றால் போதும். ஆனால் 'சைட் ஸ்டெப்' என்று கேட்டால்தான் எடுத்துக் காட்டுவார்கள். அகலமான தட்டைப் பலகை 'ரன்னிங் போர்டு'. குழாய் வடிவில் இருப்பது 'நெர்ஃப் பார்'. பாறையும் மேடும் உரசினாலும் வண்டியின் அடிப்பக்கத்தைக் காக்கும் கனத்த இரும்புச் சட்டம் 'ராக் ஸ்லைடர்'. கதவைத் திறந்தால் தானே இறங்கி வரும் மின்சாரப் படியும் உண்டு. இது ஒன்றும் புதிய பொருள் அல்ல. பழைய ஃபோர்டு மாடல் டி காருக்கே பக்கப்பலகை இருந்தது. கார்கள் அகலமாகவும் தாழ்வாகவும் மாறியபோது மறைந்துபோனது, உயரமான வண்டிகளோடு திரும்பி வந்திருக்கிறது.

கடைக்குப் போகுமுன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். வண்டியைச் சமதளத்தில், சுமை இல்லாமல் நிறுத்துங்கள். கதவடியில் செங்கல்லையும் உறுதியான பலகையையும் ஆடாமல் அடுக்குங்கள். வண்டியில் ஏறுபவர்களில் யாருக்கு மிகவும் சிரமமோ அவரை அதில் கால் வைத்து ஏறச் சொல்லுங்கள். ஒருவர் பக்கத்தில் நின்று பிடித்துக்கொள்ள வேண்டும். எந்த உயரத்தில் அவர் முழங்கால் வலியின்றி ஏறுகிறாரோ, அதைத் தரையிலிருந்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பொதுவாக, தரைக்கும் வண்டித் தளத்துக்கும் நடுவில் படி அமைந்தால் இரண்டு எட்டும் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கும். பல படிகள் தளத்துக்கு மிக அருகிலேயே பொருத்தப்படுகின்றன. முதல் எட்டு அப்போதும் உயரமாகவே இருப்பதால், வயதானவருக்கு அந்தப் படியால் பெரிய உதவி இல்லை.

அப்படியானால் படியைத் தாழ்வாக வைத்துவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் தோட்டப் பாதை குறுக்கே நிற்கிறது. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமான தென்னமரம் 1917இல் தொடங்கியது நம் கோல சிலாங்கூர் மாவட்டத்தில்தான். நூறு ஆண்டு கடந்தும் செம்பனைக் காட்டுக்குள் போகும் பாதை மட்டும் அப்படியே இருக்கிறது என்று பெரியவர்கள் கேலி செய்வார்கள். கடலோரக் களிமண், பாதையோரம் வடிகால், குலை ஏற்றும் லோரி உழுதுவிட்டுப் போன தடம். இரண்டு தடங்களுக்கு நடுவே மேடு எழும்பி நிற்கும். தாழ்வாகத் தொங்கும் படி, வடிகால் பாலத்தில் வண்டி ஏறி இறங்கும்போது முதலில் இடிக்கும். வண்டி நிறையச் சுமை ஏற்றினால் இன்னும் தாழும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஆகவே வண்டி வாரத்தில் எத்தனை நாள் தோட்டத்துக்குள் போகிறது என்பதை நேர்மையாக யோசியுங்கள். தார்ச்சாலையிலும் லத்தார் நெடுஞ்சாலையிலும் மட்டும் ஓடுகிறது என்றால் தாழ்வான, அகலமான பலகை தாராளமாகப் போதும். தினமும் தோட்டம் என்றால், படியை உயரமாக வைத்துவிட்டு, பாட்டி ஏறுவதற்குத் தனியாக ஒரு உறுதியான சிறு முக்காலியை வண்டியில் வைத்துக்கொள்வதே நல்லது. பார்க்க அழகில்லைதான், ஆனால் வேலை செய்கிறது. மின்சாரப் படியைத் தோட்ட வண்டிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அதன் கீலிலும் மோட்டாரிலும் களிமண் புகுந்து காய்ந்தால் சிக்கிக்கொள்ளும்.

கால் வைக்கும் இடத்தின் அகலம் அடுத்தது. குழாய்ப் படியில் பாதத்தின் சிறு பகுதியே ஊன்றும். அதன்மேல் ஒட்டிய பிளாஸ்டிக் பட்டையைத் தாண்டிக் கால் பட்டால் ஈரத்தில் வழுக்கும். பாதத்தில் பாதியாவது ஊன்ற இடம் இருக்க வேண்டும். துளையிட்டு விளிம்பு மேலெழும்பிய உலோகப் பரப்பு, சேற்றைக் கீழே விட்டுவிடும். மொழுமொழு ரப்பர் அப்படி விடாது. ஆனால் மிக அகலமான பலகைக்கும் ஒரு தொல்லை உண்டு. அதை மிதிக்காமல் நேராக இறங்கும் உயரமானவர்களின் கால்சட்டை, ஒவ்வொரு முறையும் சேற்றில் உரசும்.

படியைவிடக் கைப்பிடி முக்கியம் என்பது என் கருத்து. முன்கதவுத் தூணில் கைப்பிடி உள்ள வண்டியிலும் பின் இருக்கைக்கு இல்லாமல் போகலாம். வயதானவர்களை நாம் உட்கார வைப்பது பெரும்பாலும் பின்னால்தான். சித்தப்பா பிறகு தட்டைப் பலகைக்கு மாறினார், பின்தூணிலும் ஒரு கைப்பிடி பொருத்தினார். பாட்டிக்கு நம்பிக்கை வந்தது அந்தக் கைப்பிடியால்தான்.

உலோகம் பற்றி: பவுடர் பூச்சு பூசிய சாதாரண இரும்பு உறுதியானது. ஆனால் கல் பட்டுப் பூச்சு பெயர்ந்த இடத்தில் துரு தொடங்கும். அலுமினியம் லேசானது, துருப்பிடிக்காது, ஆனால் அடிபட்டால் நெளிந்துவிடும். அதை இரும்புத் தாங்கியோடு இணைக்கும் இடத்தில் நைலான் வளையம் போடச் சொல்லுங்கள். இரண்டு உலோகங்கள் ஈரத்தில் நேரடியாகத் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரித்துப்போகும். ஸ்டெய்ன்லெஸ் எஃகில் 304, 201 என்று தரங்கள் உண்டு. 201 மலிவு, துருவை எதிர்ப்பதிலும் பின்தங்கியது. காந்தம் ஒட்டவில்லை, ஆகவே நல்ல சரக்கு என்று கடையில் காட்டினால் நம்ப வேண்டாம். இரண்டிலுமே காந்தம் சரியாக ஒட்டாது. பில்லில் தரத்தை எழுதி வாங்குங்கள். செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் உரத்தில் குளோரைடு இருக்கிறது. அது சிந்தி ஈரத்தோடு கிடந்தால் 304 தரத்தையும் புள்ளி புள்ளியாக அரிக்கும். உரம் ஏற்றிய அன்றே கழுவிவிட வேண்டும்.

பொருத்தும் வேலையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பிக்கப் வண்டியின் கூண்டு, அடிச்சட்டத்தின்மேல் ரப்பர் தாங்கிகளில் உட்கார்ந்திருக்கிறது. ஓடும்போது இரண்டும் சற்றே தனித்தனியாக அசையும். படியைக் கூண்டோடும் சட்டத்தோடும் சேர்த்துக் கட்டினால் சத்தம் வரும், நாளடைவில் தாங்கி விரியும். வண்டி நிறுவனம் விட்டிருக்கும் துளைகளில் போல்ட் போட்டு முடுக்கும் வகையே மேல். அடிச்சட்டத்தில் புதிதாகத் துளை போடவோ வெல்டிங் வைக்கவோ விடாதீர்கள். நான்கு கதவு வண்டி என்றால் பக்கத்துக்கு மூன்று தாங்கி இருப்பது நல்லது, இரண்டு மட்டும் இருந்தால் நடுவில் மிதிக்கும்போது வளையக்கூடும். எடை தாங்கும் அளவைக் கேட்கும்போது அது ஒரு பக்கத்துக்கா, ஒரு ஜோடிக்கா என்றும் கேளுங்கள்.

உயர் ரக மாடல்கள் பலவற்றில் படி தொழிற்சாலையிலேயே பொருத்தி வருகிறது. புது வண்டி என்றால் வெளியில் பொருத்தினால் உத்தரவாதம் பாதிக்குமா என்று விற்பனையாளரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சக்கரத்தைவிட வெளியே துருத்தும் படி என்றால், பொருத்தும் முன் ஜே.பி.ஜே. அலுவலகத்தில் விசாரித்துவிடுவது நல்லது. பிற்பாடு வண்டியை விற்கும்போது பரிசோதனை மையத்தில் கேள்வி எழக்கூடும்.

குழாய்ப் படியிலோ பலகையிலோ ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கக் கூடாது, அவை வண்டியின் எடைக்குச் செய்யப்பட்டவை அல்ல. தோட்டத்துக்குள் பிள்ளைகள் படியில் தொற்றிக்கொண்டு வருவதையும் பார்க்கிறோம். பின்சக்கரம் அந்தக் கால்களுக்கு மிக அருகில் சுழல்கிறது.

பொருத்திய இரண்டு வாரம் கழித்து எல்லா போல்ட்டையும் ஒருமுறை முடுக்கிப் பாருங்கள். குழாயின் அடியில் நீர் வடியும் துளை இருக்கிறதா, சேறு அடைத்திருக்கிறதா என்று மழைக்காலத்தில் கவனியுங்கள். உள்ளே தேங்கும் நீர், வெளியே பூச்சு பளபளத்துக்கொண்டிருக்கும்போதே இரும்பைத் தின்றுவிடும்.