தொப்பி ஒன்றுக்கு வாங்கிய வேதாகமம்

திருகோணமலைத் துறைமுகத்தின் தெற்கே கொட்டியாரக் குடா விரிந்து கிடக்கிறது. அதன் தென்புறத்தில் மூதூரும், அதற்கு அப்பால் தோப்பூரும் உள்ளன. சுவிசேஷத்தைக் கற்பதற்கும் சீஷராய் வாழ்வதற்கும் உள்ள தொடர்பைச் சிந்திக்க விரும்பும் நமக்கு, இந்தக் கரையிலேயே ஒரு பழைய வரலாறு காத்திருக்கிறது.

1660ஆம் ஆண்டு, புயலில் பாய்மரம் இழந்த 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல் செப்பனிடுவதற்காகக் கொட்டியாரத்தை அடைந்தது. கப்பற்தலைவரையும் அவரது பத்தொன்பது வயது மகன் றொபேட் நொக்ஸையும் வேறு சிலரையும் கண்டியரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் சிறைப்பிடித்து உள்நாட்டுக்குக் கொண்டுசென்றனர். அடுத்த ஆண்டே தந்தை காய்ச்சலால் இறந்தார். வேலைக்காரச் சிறுவன் ஒருவனைத் தவிர மகனுக்குத் துணை எவருமில்லை.

நொக்ஸ் ஒருநாள் ஓடையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். அவ்வழியே வந்த முதியவர் ஒருவர், "உன் எசமானுக்கு வாசிக்கத் தெரியுமா?" என்று சிறுவனிடம் கேட்டார். போர்த்துக்கேயர் கொழும்பை இழந்த வேளையில் தம் கைக்கு வந்த புத்தகம் ஒன்று விற்பனைக்கு இருப்பதாகவும் சொன்னார். பார்க்கப்போன சிறுவன், அது வேதாகமம் என்று கூவிக்கொண்டே ஓடிவந்தான். நொக்ஸ் தூண்டிலை எறிந்துவிட்டு எழுந்தார். கையில் எஞ்சியிருந்தது ஒரேயொரு வராகன். அதையும் கொடுத்துவிட ஆயத்தமாயிருந்தவரைச் சிறுவன் தடுத்து, பின்னல் தொப்பி ஒன்றுக்கே புத்தகத்தைப் பேரம்பேசி வாங்கிக் கொடுத்தான். அந்த ஆங்கில வேதாகமமே நொக்ஸின் சிறைவாழ்வுக்கு ஆறுதலாயிற்று. 1679இல் அவர் தப்பி அரிப்புக் கோட்டையை அடைந்தார். இந்தச் செய்திகளையெல்லாம் 1681இல் இலண்டனில் வெளியான தமது நூலில் அவரே எழுதியுள்ளார்.

வரலாறு அத்துடன் முடிந்திருந்தால் நமக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஆனால் விடுதலை பெற்ற நொக்ஸ், சில ஆண்டுகளின் பின், மடகஸ்காரில் அடிமைகளை வாங்கி செயின்ற் ஹெலனாத் தீவுக்குக் கொண்டுபோகும் கப்பலொன்றுக்குத் தலைவரானார். பத்தொன்பது ஆண்டுகள் சிறைப்பட்டவர், வேதத்தைத் துணையாகக் கொண்டிருந்தவர், பிறரைச் சிறைப்படுத்தும் தொழிலுக்குப் போனார். வேதத்தை நேசித்து வாசிப்பது ஒன்று. அதன்படி நடப்பது வேறொன்று.

நொக்ஸின் காலத்தில் தமிழ்ச் சுவிசேஷம் அச்சில் இல்லை. சீகன்பால்க்கின் மொழிபெயர்ப்பில் நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் 1714இல் தரங்கம்பாடியில் அச்சாயின. 1759இல் டச்சுக்காரர் கொழும்பில் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை வெளியிட்டனர். யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியார் ஆறுமுக நாவலரின் புலமைத் துணையுடன் உருவாக்கிய வேதாகமம் 1850இல் வெளிவந்தது. நாவலர் அந்நூலை வரிவரியாக அறிந்தவர். எனினும் தம் சைவநெறியிலேயே உறுதியாக நின்றார். கற்றவர் எல்லாரும் சீஷராவதில்லை என்பதற்கு இதுவும் சான்று.

புத்தகம் அச்சானால் மட்டும் போதுமா? வாசிக்கும் கண்கள் வேண்டும். குடும்பப் பெண்கள் எழுத்தறிவது வழக்கமில்லாத அக்காலத்தில், 1824இல் ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கினார். பிள்ளைகளை அனுப்பப் பெற்றோர் தயங்கியமையால், படித்து முடித்து மணஞ்செய்யும் மாணவிக்கு மிஷனே சீதனம் கொடுக்கும் ஏற்பாடும் ஆரம்பத்தில் இருந்தது. எல்லாரும் சுவிசேஷத்தை மட்டும் நாடி வந்தனர் என்று நாம் சொல்லிக்கொள்ளத் தேவையில்லை. 1840இல் வந்த எலிசா அக்னியூ அம்மையார் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் அங்கே கற்பித்து, தாய்நாடு திரும்பாமலே 1883இல் மறைந்தார். "ஆயிரம் புதல்வியரின் தாய்" என்று அவரை அழைத்தனர். அவருடைய மாணவிகள் வேதத்தைப் பாடமாகக் கற்றார்கள். ஆசிரியையின் வாழ்வில் அதைக் கண்ணாலும் கண்டார்கள்.

லூக்கா சுவிசேஷத்தின் பத்தாம் அதிகாரம் இவ்விரண்டையும் ஒருங்கே வைத்திருக்கிறது. முதலில் ஒரு நியாயசாஸ்திரி வருகிறான். நித்திய ஜீவனைப் பற்றிய வேதவாக்கியத்தைப் பிழையின்றிச் சொல்கிறான். இயேசு அவன் விடையைச் சரியென்று ஏற்கிறார். ஆனால் அத்துடன் விடாமல், வழியில் குற்றுயிராய்க் கிடந்தவனுக்கு இரங்கிய சமாரியனின் கதையைச் சொல்லி, நீயும் போய் அப்படியே செய் என்று அனுப்புகிறார். அதே அதிகாரத்தின் இறுதியில் மரியாள் அவர் பாதத்தருகே அமர்ந்து வசனத்தைக் கேட்கிறாள். குருவின் பாதத்தில் அமர்வது மாணாக்கனுக்குரிய இடம் என்பது நம் மரபிலும் உண்டு. அந்த இடம் ஒரு பெண்ணுக்கும் உரியது என்று இயேசு நிலைநாட்டினார். அமர்ந்து கேட்பதும் எழுந்து போய்ச் செய்வதும் சேர்ந்ததே சீஷத்துவம்.

நூற்றாண்டு காணும் இவ்வேளையில், மனனவசனப் போட்டிகளில் நாம் வென்ற பரிசுகளை மகிழ்ச்சியோடு நினைவுகூருவோம். அவை வீணல்ல. ஆனால் மூவினத்தவரும் அடுத்தடுத்து வாழும், போரும் கடற்கோளும் கண்ட நம் மாவட்டத்தில், வழியில் கிடப்பவர் எந்த ஊரவர், எந்தச் சமயத்தவர் என்று கேளாமல் நின்றோமா என்பதே நம் கல்விக்கான பரீட்சை. அதற்கு விடையெழுதும் காலம் பாடசாலையை விட்டு வெளியேறிய பின்னரே தொடங்குகிறது.