அசையும் ஆதனம்

அசையும் ஆதனம்: நிலமும் நிலத்தோடு நிலையாகப் பொருந்தியவையும் நீங்கலான உடைமைகளைக் குறிக்கும் இலங்கைச் சட்டச் சொல். நகை, பணம், கால்நடை, உழவு இயந்திரம், அறுத்து மூட்டை கட்டிய நெல் ஆகியன இதில் அடங்கும். காணி, கல்வீடு, கிணறு ஆகியன அசையா ஆதனம். தமிழ்நாட்டில் 'அசையும் சொத்து' என்பர். பழைய பத்திரங்களில் இவ்விரண்டும் ஜங்கமம், ஸ்தாவரம் எனப்பட்டன.

சொல் வரலாறு

ஆங்கிலச் சட்டத்தில் இதற்கு நெருங்கிய சொல் 'சாட்டல்'. தலையாய பொருள், முதல் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பழைய பிரெஞ்சு வழியே வந்தது. கால்நடையைக் குறிக்கும் 'கேட்டில்' என்ற சொல்லுக்கும் அதுவே வேர். தமிழிலும் 'மாடு' செல்வத்தையும் குறித்தது. திருக்குறளில் கல்வி அதிகாரத்தின் கடைசிக் குறள் அதை அப்பொருளில் ஆள்கிறது. வவுனியா வடக்கின் நெடுங்கேணி போன்ற ஊர்களில், வயலோடு பட்டி மாடும் குடும்பத்தின் முதலாக இருந்துவந்ததால், இவ்விரு பொருளும் அங்கே தூரமானவை அல்ல.

சட்ட வரலாறு

ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து முடித்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமை சொத்தை வந்த வழியைக் கொண்டே பிரித்தது: முதுசம் (பரம்பரையாக வந்தது), சீதனம் (மணமகளுக்குக் கொடுத்தது), தேடியதேட்டம் (மணவாழ்வில் ஈட்டியது). அசைவதா, அசையாததா என்பது அங்கே முதற் கேள்வி அல்ல. அத்தொகுப்பில் அடிமைகளும் உடைமையாகவே எண்ணப்பட்டனர். இலங்கையில் அடிமைமுறை 1844இல் ஒழிந்தது. ஆங்கிலேயர் 1806இல் தேசவழமைக்குச் சட்ட வலு அளித்தனர்.

அசையும், அசையா என்ற பிரிவு உரோம-டச்சுச் சட்டத்துக்கு உரியது. பின்வந்த கட்டளைச் சட்டங்கள் அதற்கு நடைமுறைப் பயன் தந்தன. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டப்படி, காணி விற்பனைக்கு நொத்தாரிசும் இரு சாட்சிகளும் முன்னிலையில் ஒப்பமிட்ட உறுதி வேண்டும். ஒரு சோடி காப்பை விற்க அது வேண்டியதில்லை. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையில் களவு அசையும் ஆதனத்துக்கே பொருந்தும்: வளவில் நிற்கும் முதிரை மரம் களவுக்குரிய பொருள் அல்ல, தறித்து நிலத்திலிருந்து பிரித்ததும் ஆகிவிடும்.

1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் இப்பிரிவைக் குடும்பத்துக்குள்ளும் கொண்டுவந்தது. அதன்படி, தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் நகையையோ பசுவையோ கணவனைக் கேளாமல் விற்கலாம். தன் காணியை விற்க அவனது எழுத்துமூலச் சம்மதம் தேவை. அவன் நியாயமின்றி மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்தை நாடலாம்.

கால்நடை

அசையும் ஆதனத்துக்குப் பொதுவாகக் கைமாற்றமே போதும். தானே நடந்து போய்விடும் மாட்டுக்கு அது போதாது. அதனால்தான் குறிசுட்டு அடையாளமிடும் வழக்கம் நிலைத்தது. குறியிடுதலும் உரிமைச் சீட்டும் 1958ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விலங்குகள் சட்டத்தில் இடம்பெற்றுள்ளன.